ஓக் மரங்களிடம் பாடம் கேட்ட நோயாளி: புனித பெர்நார்து



குடும்ப செபமாலை முடிந்ததும் நம்மில் பலர் இரக்கமுள்ள தாயாம் மரியாவை நோக்கி ஒரு செபத்தைச் சொல்லுகிறோம். நம் பாட்டி, தாத்தா காலத்திலிருந்தே அதற்குப் பெர்நார்து செபம் என்றுதான் பெயர். உண்மையில் அச்செபத்தை இயற்றியவர் புனித பெர்நார்து அல்லர். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் சிறைக்கைதிகளிடையே பணி செய்த கிளாட் பெர்நார்து என்னும் குருவானவர் அதை மக்களிடையே பரப்பினார். பெயர் ஒற்றுமையால் அது அவரைவிடப் புகழ்பெற்ற புனிதரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அதில் ஒரு பொருத்தம் இருக்கவே செய்கிறது. அன்னையிடம் அடைக்கலம் தேடும் அந்தச் செபம், தம் உடலின் பலவீனத்தால் ஒவ்வொரு நாளும் அடைக்கலம் தேடவேண்டிய நிலையில் வாழ்ந்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆகஸ்டு 20ஆம் நாள் திருச்சபை நினைவுகூரும் இந்தப் புனிதரை மறைவல்லுநர் என்றும், மரியன்னையின் பக்தர் என்றும், திருத்தந்தையருக்கும் அரசர்களுக்கும் அறிவுரை சொன்னவர் என்றும் நாம் அறிவோம். அவர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தீராத வயிற்று நோயோடு வாழ்ந்தவர் என்பதும், காட்டு மரங்களின் நிழலில்தான் தாம் மறைநூலைக் கற்றதாகச் சொன்னவர் என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை. மாத்திரைப் பையோடு திருப்பலிக்கு வருகிறவர்கள், முழங்காலிட முடியாமல் கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பவர்கள், படுத்த படுக்கையில் நற்கருணைக்காகக் காத்திருப்பவர்கள் எல்லாப் பங்குகளிலும் உண்டு. அவர்களோடு சேர்ந்து இந்தப் புனிதரின் வாழ்வைச் சற்றே சிந்திப்போம்.

பிரபு குடும்பத்துப் பிள்ளை

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், திஜோன் நகருக்கு அருகிலுள்ள ஃபொந்தேன் என்னும் ஊரில் 1090ஆம் ஆண்டு பெர்நார்து பிறந்தார். தந்தை தெசெலின் ஒரு வீரர். தாய் அலெத் மிகுந்த இறைப்பற்று உள்ளவர். ஆறு ஆண், ஒரு பெண் என்று ஏழு பிள்ளைகள் பிறந்த அந்த வீட்டில் பெர்நார்து மூன்றாமவர். அவர் இளைஞராக இருந்தபோதே தாய் இறந்துபோனார். அந்த இழப்பு அவர் உள்ளத்தை ஆழமாகத் தொட்டது.

அந்நாளில் சீத்தோ என்னும் இடத்தில் 1098இல் தொடங்கப்பட்ட ஒரு புதிய துறவு மடம் இருந்தது. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைச் சிறிதும் தளர்த்தாமல் வாழவேண்டும் என்பது அங்கிருந்தவர்களின் உறுதி. அதன் கடுமையைக் கண்டு பலரும் அஞ்சினார்கள். 1113ஆம் ஆண்டளவில் பெர்நார்து அந்த மடத்தின் கதவைத் தட்டினார். தனியாகப் போகவில்லை. அண்ணன் தம்பிகள், உறவினர், நண்பர்கள் என்று சுமார் முப்பது பேரை உடன் அழைத்துக்கொண்டு போனார். மடத்தலைவர் ஸ்டீபன் ஹார்டிங்குக்கு அது எவ்வளவு மகிழ்ச்சியைத் தந்திருக்கும்!

நவதுறவியாக இருந்த காலத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி நம் கவனத்துக்கு உரியது. அறுவடைக் காலத்தில் சகோதரர்கள் எல்லாரும் அரிவாள் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவார்கள். மாளிகையில் வளர்ந்த பெர்நார்துக்கு அறுக்கத் தெரியவில்லை. உடலிலும் வலு இல்லை. ஓரமாக உட்காரும்படி அவருக்குச் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் உழைக்கும்போது தாம் மட்டும் சும்மா இருப்பது அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தது. அறுக்கும் வரத்தைத் தரும்படி கண்ணீரோடு இறைவனிடம் மன்றாடினார். மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில், மற்ற வேலைகளில் எப்படியோ, கதிர் அறுப்பதில் தாம் தேர்ந்தவர் என்று மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்வாராம். நோயினாலோ முதுமையினாலோ ஓரமாக உட்கார வைக்கப்பட்டவர்களின் மனவேதனை இவருக்குத் தெரியும் என்று நாம் உறுதியாக நம்பலாம்.

கசப்புப் பள்ளத்தாக்கு

1115ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயதே நிரம்பிய பெர்நார்தைத் தலைவராக ஏற்படுத்தி, பன்னிரண்டு துறவிகளோடு புதிய மடம் ஒன்றைத் தொடங்க ஸ்டீபன் ஹார்டிங் அனுப்பினார். ஷாம்பேன் பகுதியில், ஓப் ஆற்றின் கரையோரம், காடு சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு அவர்களுக்குக் கிடைத்தது. கசப்பான ஒரு மூலிகைச் செடியின் பெயரால்தான் அந்த இடம் அதுவரை அழைக்கப்பட்டது. துறவிகள் அதற்கு ஒளிமிக்க பள்ளத்தாக்கு என்னும் பொருள்படும் கிளேர்வோ என்ற பெயரைச் சூட்டினார்கள்.

பெயர் மாறியது, கசப்பு உடனே மாறவில்லை. முதல் ஆண்டுகளில் அவர்களுக்கு உண்ண உணவில்லை. வாற்கோதுமை, தினை, கால்நடைகளுக்குப் போடும் பயறு ஆகியவற்றைக் கலந்து அப்பம் சுட்டார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள, சுற்றியிருந்த காட்டில் வளர்ந்த பீச் என்னும் மரத்தின் இலைகளைப் பறித்து வேகவைத்தார்கள். நம் ஊரில் பஞ்ச காலத்தில் ஏழைகள் முருங்கைக் கீரையைக் கொண்டு உயிர் பிழைத்ததுபோல, அவர்கள் அந்தக் காட்டு இலைகளைக் கொண்டு உயிர் பிழைத்தார்கள். பெர்நார்து காட்டை நேசித்தார் என்று சொல்லும்போது இதை மறந்துவிடக்கூடாது. அந்தக் காடு அவர்களுக்கு முதலில் சோறு போட்ட காடு.

அங்கே வாழ்க்கை எளிதாக இல்லை. நள்ளிரவு கடந்ததும் எழுந்து திருப்புகழ்மாலை செபிக்க வேண்டும். பகலில் மரம் வெட்டுதல், நிலம் திருத்துதல், வாய்க்கால் தோண்டுதல். இறைச்சி கிடையாது. குளிர்காலத்தில் நாளுக்கு ஒரே வேளை உணவு. நல்ல உடல்நிலை உள்ளவர்களே திணறும் இந்த வாழ்வை, பெர்நார்து இன்னும் கடுமையாக்கிக்கொண்டார். தூக்கத்தைக் குறைத்தார், உணவை மேலும் சுருக்கினார். தம் உடலை ஒரு பகைவனைப்போல நடத்தினார்.

முறிந்துபோன உடல்

சில ஆண்டுகளிலேயே அந்த உடல் முறிந்துபோனது. திட உணவு தொண்டையில் இறங்க மறுத்தது. இறங்கியதும் வயிற்றில் தங்கவில்லை. உண்டது செரிக்காமல் அப்படியே வாந்தியாக வெளியே வந்தது. திருப்புகழ்மாலை செபிக்கும் நேரத்திலும் இந்தத் தொல்லை விடாததால், கோவிலில் அவர் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே தரையில் ஒரு குழி தோண்டி, வாந்தி எடுக்க ஓர் ஏனத்தை வைத்தார்கள் என்று அவருடைய நண்பரான புனித தியெரி மடத்தின் தலைவர் வில்லியம் எழுதிவைத்திருக்கிறார். ஒரு கட்டத்தில் உடன் நிற்கும் சகோதரர்களால் அதைத் தாங்க முடியாமல் போகவே, அவர் பொதுச் செபத்திலிருந்தும் பெரும்பாலும் விலகியிருக்க நேர்ந்தது.

இதைப் படிக்க நமக்குச் சங்கடமாக இருக்கலாம். புனிதர்களின் நோயை நாம் பெரும்பாலும் சுரூபத்தில் பூசிய வண்ணத்தைப்போல அழகாகவே காட்டுகிறோம். ஆனால் நோய் என்பது நாற்றமும், அசிங்கமும், அடுத்தவர் முகம் சுளிப்பதைக் காணும் வெட்கமும் கலந்தது என்பதை நோயாளிகளும் அவர்களைக் கவனிப்பவர்களும் அறிவார்கள். திருச்சபையின் மறைவல்லுநர் ஒருவர் இந்த வெட்கத்தைக் கோவிலின் நடுவிலேயே அனுபவித்தார். கோவிலில் இருமல் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறவர்களும், சிறுநீர்க் கோளாற்றுக்கு அஞ்சித் திருப்பலிக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்களும் இதை எண்ணி ஆறுதல் அடையட்டும்.

காட்டோரத்துக் குடிசை

பெர்நார்து இப்படியே போனால் பிழைக்கமாட்டார் என்று கண்ட ஷாலோன் நகர ஆயர் வில்லியம், சீத்தோவுக்குப் போனார். அங்கே கூடியிருந்த மடத்தலைவர்கள் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, ஓராண்டு காலத்துக்குப் பெர்நார்தைத் தம் பொறுப்பில் விடும்படி கேட்டுக்கொண்டார். ஓர் ஆயர் இப்படித் தாழ்ந்து கேட்டபின் யார் மறுக்க முடியும்? மடத்துக்கு வெளியே அவருக்கு ஒரு சிறு குடிசை கட்டப்பட்டது. மடத்தின் அலுவல்களில் தலையிடக்கூடாது, உணவிலும் பானத்திலும் ஒழுங்கின் கடுமை அவரைக் கட்டாது என்று ஏற்பாடாயிற்று.

அப்போதுதான் மேலே சொன்ன வில்லியம் அவரை முதன்முதலாகச் சந்தித்தார். வழிச்சந்திகளில் தொழுநோயாளருக்குக் கட்டப்படும் குடிசையைப்போல அது இருந்ததாம். ஆனால் உள்ளே நுழைந்தபோது பலிபீடத்தை நெருங்குவதுபோன்ற உணர்வு தமக்கு ஏற்பட்டது என்று அவர் எழுதுகிறார். பெர்நார்தைக் கவனித்துக்கொள்ள நியமிக்கப்பட்டவரோ வைத்தியம் அறியாத ஒரு மனிதர். வாய்க்கு ஆகாததையெல்லாம் அவர் கொடுத்தார்; பெர்நார்து மறுப்பின்றி உண்டார். எப்படி இருக்கிறீர்கள் என்று வில்லியம் விசாரித்தபோது, இதுவரை அறிவுள்ள மனிதர்கள் தமக்குக் கீழ்ப்படிந்தார்கள், இப்போது அறிவற்ற ஒருவருக்குத் தாம் கீழ்ப்படியவேண்டும் என்பது கடவுளின் தீர்ப்பு என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னாராம். வலியிலும் அவருடைய நகைச்சுவை வற்றிப்போகவில்லை. அந்த நாட்களில் அவருக்குச் சுவை உணர்வே அற்றுப்போயிருந்தது. ஒருமுறை தண்ணீர் என்று எண்ணி எண்ணெயைக் குடித்துவிட்டும் வித்தியாசம் தெரியாமல் இருந்தார்.

அந்த ஓராண்டு அவரைக் குணமாக்கவில்லை. நோய் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. திருத்தூதர் பவுல் தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மும்முறை வேண்டியும் அது எடுக்கப்படாததுபோலவே, பெர்நார்தின் முள்ளும் எடுக்கப்படவில்லை. செபித்தும் நோய் போகவில்லையே, நம் விசுவாசம் குறைவோ என்று கலங்குகிறவர்களுக்கு, விசுவாசக் குறைவுக்கும் தீராத நோய்க்கும் தொடர்பில்லை என்பதை இவ்விருவரும் நினைவூட்டுகிறார்கள்.

மரங்கள் என்னும் ஆசிரியர்கள்

மற்றவர்களோடு சேர்ந்து உழைக்க முடியாத நேரங்களிலும், பயணங்களுக்கு இடையே மடத்துக்குத் திரும்பிய நாட்களிலும் பெர்நார்து தேடிப்போனது சுற்றியிருந்த காட்டையும் வயல்வெளியையும்தான். மறைநூலில் தமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியைக் காட்டிலும் வயலிலும் செபித்தும் தியானித்துமே பெற்றதாக அவர் நண்பர்களிடம் சொல்வதுண்டு. ஓக் மரங்களும் பீச் மரங்களும் தவிர வேறு ஆசிரியர்கள் தமக்கு இருந்ததில்லை என்று வேடிக்கையாகவும் சொல்வாராம்.

இங்கிலாந்து நாட்டு அறிஞரான ஹென்றி முர்டாக் என்பவருக்கு அவர் எழுதிய கடிதத்திலும் இதே கருத்து வருகிறது. நூல்களில் கிடைக்காத ஏதோ ஒன்று காடுகளில் கிடைக்கும். ஆசிரியர்களிடம் கேட்க முடியாததை மரங்களும் பாறைகளும் கற்றுத்தரும் என்று தம் அனுபவத்தையே சான்றாகக் காட்டி அவரை அழைத்தார். அந்த அறிஞர் உண்மையிலேயே தம் பள்ளியை விட்டுவிட்டுக் கிளேர்வோவுக்கு வந்து துறவியானார். பின்னாளில், 1147இல், யார்க் நகரின் பேராயராகவும் உயர்ந்தார்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடாது. பெர்நார்து இயற்கையைக் கண்டு களிக்கப் போன சுற்றுலாப் பயணி அல்லர். ஒருமுறை சுவிட்சர்லாந்து நாட்டிலுள்ள பெரிய ஏரியின் கரையோரமாக நாள் முழுவதும் பயணம் செய்தார். மாலையில் உடன்வந்தவர்கள் அந்த ஏரியைப் பற்றிப் பேசியபோது, எந்த ஏரி, எங்கே இருக்கிறது என்று கேட்டாராம்! அவ்வளவு அழகான ஏரியைக் கண்ணெடுத்தும் பாராதவர், தம் காட்டு மரங்களை மட்டும் எப்படி நேசித்தார்? அவற்றை அவர் வேடிக்கை பார்க்கவில்லை, அவற்றோடு வாழ்ந்தார். மனப்பாடமாகத் தெரிந்த மறைநூல் வசனங்களை மனத்தில் அசைபோட்டுக்கொண்டே அந்த மரங்களிடையே நடந்தார். மறைநூலுக்குப் பதிலாகக் காட்டை அவர் வைக்கவில்லை. மறைநூலை விரித்துப் படிக்கும் மேசையாகக் காடு அவருக்கு அமைந்தது.

நோயாளி ஒருவருக்கு மரங்களிடம் கற்க என்ன இருக்கிறது? நாமாகச் சிந்தித்துப் பார்க்கலாம். ஓக் மரம் மிக மெதுவாக வளர்வது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து செத்ததுபோல நிற்கும். வேர் மட்டும் உயிரோடு இருக்கும். மின்னல் தாக்கிக் கிளை முறிந்தாலும் அந்த முறிவோடேயே நூற்றாண்டுகள் வாழும். வெளியே ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும் காலத்திலும் உள்ளே உயிர் வேலை செய்கிறது என்பதை, படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இரண்டு நோயாளிகளின் உரையாடல்

நோயிலும் ஓர் அருள் உண்டு என்பதைக் காட்டும் ஒரு நிகழ்ச்சி உண்டு. நண்பர் வில்லியம் தம் மடத்தில் நெடுநாள் நோயுற்றுத் துன்பப்பட்டபோது, பெர்நார்து ஆளனுப்பி அவரைக் கிளேர்வோவுக்கு வரவழைத்தார். அப்போது பெர்நார்தும் நோயுற்றிருந்தார். மடத்தின் நோயாளர் இல்லத்தில் இருவரும் அருகருகே படுத்திருந்தபடி, பழைய ஏற்பாட்டின் இனிமைமிகு பாடல் நூலைப் பற்றி நாள்தோறும் பேசிக்கொண்டார்கள். அன்றைய பேச்சை மறந்துவிடாதபடி வில்லியம் அன்றன்றே எழுதிவைத்துக்கொண்டார்.

1135ஆம் ஆண்டு முதல் அதே நூலைப் பற்றிப் பெர்நார்து மறையுரைகள் ஆற்றத் தொடங்கினார். அவர் இறக்கும்போது 86 மறையுரைகள் முடிந்திருந்தன. விளக்கம் அந்த நூலின் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத்தான் எட்டியிருந்தது. கடவுளின் அன்பைப் பற்றித் திருச்சபையில் எழுதப்பட்டவற்றுள் தலைசிறந்தவை என்று போற்றப்படும் அந்த உரைகளுக்கு இரண்டு நோயாளிகளின் படுக்கையோரப் பேச்சு முன்னோடியாக இருந்தது. நம் பங்கில் நோயாளரைச் சந்திக்கப் போகும்போது என்ன பேசுவது என்று தயங்குகிறோம். மருத்துவச் செலவையும் ஊர்க்கதையையும் பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம். ஒரு நற்செய்திப் பகுதியை அவர்களோடு சேர்ந்து வாசித்து, அதில் அவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்டால், நாம் கொடுப்பதைவிடப் பெற்றுக்கொண்டு திரும்புவோம்.

தாங்கி நின்ற அண்ணன்

நீண்டகால நோயாளி தனியாக வாழ்வதில்லை. அவரைத் தாங்கும் ஒருவர் பின்னால் இருப்பார். பெர்நார்தைத் தாங்கியவர் அவருடைய அண்ணன் ஜெரார்து. மடத்தின் பண்டக சாலை, கட்டடம், வயல், வேலையாட்கள் என எல்லாப் பொறுப்பையும் அவர் ஏற்றுக்கொண்டதால்தான் தம்பியால் செபிக்கவும் எழுதவும் முடிந்தது. 1138இல் ஜெரார்து இறந்தார். அடக்கச் சடங்கில் பெர்நார்து அழவில்லை. பிறகு வழக்கம்போல மறையுரையைத் தொடங்கினார்; நடுவிலேயே அவரால் தொடர முடியவில்லை. விளக்கத்தை நிறுத்திவிட்டு அண்ணனுக்காக வாய்விட்டுப் புலம்பினார். உடல் வலுவற்ற தம்மை அவரே சுமந்தார் என்று எல்லாத் துறவிகள் முன்னும் சொன்னார்.

பெற்றோரையோ, கணவரையோ, மனைவியையோ, மாற்றுத்திறனாளியான பிள்ளையையோ ஆண்டுக்கணக்கில் கவனித்து வருகிறவர்கள் நம் பங்குகளில் எத்தனையோ பேர். அவர்களுக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவதில்லை. பெர்நார்தின் புகழுக்குப் பின்னால் ஒரு ஜெரார்து இருந்தார் என்பதை இறைவன் அறிந்திருந்ததுபோல, அவர்களையும் அறிந்திருக்கிறார். நோயாளிகளும் தம்மைத் தாங்குகிறவருக்கு உயிரோடு இருக்கும்போதே ஒரு நன்றி சொல்லிவிடுவது நல்லது.

புனிதரின் குறைகள்

பெர்நார்து குறையற்றவர் அல்லர். நோயாளியாகவே இருந்தும் 1130 முதல் எட்டு ஆண்டுகள் திருச்சபையில் எழுந்த பிளவைத் தீர்க்க, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குப் பலமுறை போய்வந்தார். 1146ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று வெசலே நகரில் இரண்டாம் சிலுவைப் போருக்கு மக்களை அழைத்தார். அந்தப் போர் பெருந்தோல்வியில் முடிந்தது. பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. இன்று நாம் அந்தப் போர்களைப் பெருமையாக எண்ணுவதில்லை. ஆனால் அதே காலத்தில் ரைன் நதிக்கரை நகரங்களில் யூத மக்களைக் கொல்லும்படி ஒரு துறவி தூண்டியபோது, பெர்நார்து நேரிலேயே அங்கு சென்று அதைத் தடுத்தார். யூதர்களே அதை நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் சிந்தனைக்கு மிகவும் தேவையான குறை வேறொன்று. உரோமை நகருக்கு அருகில் காய்ச்சல் மிகுந்த சதுப்பு நிலத்தில் இருந்த மடத்தின் துறவிகள், வைத்தியர்களையும் விலைகொடுத்து வாங்கும் மருந்துகளையும் நாடலாமா என்று கேட்டபோது, ஏழைகள் பயன்படுத்தும் எளிய மூலிகைகள் போதும் என்று எழுதி, மற்றதை அவர் ஏற்க மறுத்தார். இதில் நாம் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை. மருத்துவரை மதிக்கவும், மண்ணிலிருந்து ஆண்டவர் படைத்த மருந்தைப் புறக்கணிக்காமல் இருக்கவும் சீராக்கின் ஞானம் நூலின் 38ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கும் எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளரைக் கவனிக்கச் சொல்லி, அவர்களுக்கு இறைச்சியையும் அனுமதிக்கிறது.

தம் உடல் விஷயத்தில் பெர்நார்தே பிற்காலத்தில் மனம் வருந்தினார் என்பதுதான் முக்கியம். இளமையில் அளவுமீறிய தவத்தால் உடலைக் கெடுத்து, இறைவனுக்கும் சகோதரர்களுக்கும் உழைக்கவேண்டிய அந்த உடலை அவர்களிடமிருந்து பறித்துவிட்டதாக, அதை ஒரு தெய்வ நிந்தைக்கு ஒப்பான குற்றமாகவே கருதித் தம்மைக் குற்றஞ்சாட்டிக்கொண்டார். தவக்காலம் வரும்போதெல்லாம் இதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் மருந்தை நிறுத்தி ஒருசந்தி இருப்பதும், இதய நோயாளிகள் வெயிலில் வெறுங்காலோடு நெடுந்தொலைவு திருப்பயணம் நடப்பதும் பக்தி என்று எண்ணப்படுகின்றன. நோயாளிகளை உண்ணா நோன்புக்குத் திருச்சபை கட்டாயப்படுத்துவதில்லை. தாங்க முடியாத தவத்தை விட, வேளாவேளைக்கு மாத்திரை விழுங்கி, கட்டுப்பாடாக உண்டு, முகம் சுளிக்காமல் பிறரோடு பேசுவது இறைவனுக்கு உகந்த தவமாக இருக்கும்.

காட்டில் முடிந்த பயணம்

1153ஆம் ஆண்டு பெர்நார்துக்கு 63 வயது. மிகவும் தளர்ந்திருந்த நிலையிலும், மெத்ஸ் நகரில் மக்களும் பிரபுக்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்ததைக் கேள்விப்பட்டு, அங்கே போய்ச் சமாதானம் செய்துவைத்தார். திரும்பி வந்தபின் படுத்தவர் எழவில்லை. அவர் பெயரில் நமக்குக் கிடைத்துள்ள கடைசிக் கடிதம், தூக்கம் போய்விட்டதையும், வயிறு திட உணவை முற்றிலும் ஏற்காததையும், கால்கள் நீர்கோத்து வீங்கியிருப்பதையும் நண்பர் ஒருவரிடம் சொல்லி, செபம் கேட்கிறது. அவருடைய முன்னாள் மாணவரும் கிளேர்வோ துறவியுமான திருத்தந்தை மூன்றாம் யூஜின் அந்த ஆண்டு ஜூலை 8 அன்று இறந்தார். ஆகஸ்டு 20 அன்று பெர்நார்தும் இறைவனடி சேர்ந்தார்.

அவர் காலத்தில் கிளேர்வோவிலிருந்து நேரடியாகக் கிளைத்த மடங்கள் மட்டும் 68. 1174இல் அவர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். 1830இல் திருத்தந்தை எட்டாம் பத்திநாதர் அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தார். அவர் சார்ந்திருந்த சிஸ்டர்சியன் மரபு நம் அண்டை மாநிலம்வரை வந்திருக்கிறது. கேரளத்தின் வாகமண் மலையில் 1958இல் தொடங்கப்பட்ட குரிசுமலை ஆசிரமம் அந்த மரபில் உருவானதே. கிளேர்வோ மடமோ பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மூடப்பட்டு, 1808இல் சிறைச்சாலையாக மாற்றப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்தச் சிறை 2023இல் மூடப்பட்டது. துறவிகள் இல்லை; கைதிகளும் இல்லை. பள்ளத்தாக்கைச் சுற்றிய காடு இன்னும் நிற்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

நம்மில் எல்லாருக்கும் வீட்டருகே காடு இல்லை. ஆனால் கோவில் வளாகத்தில் ஒரு வேம்போ, கல்லறைத் தோட்டத்தில் ஒரு புங்க மரமோ இருக்கும். படுக்கையில் இருப்பவர்களுக்குச் சன்னல் வழியாகத் தெரியும் ஒரு தென்னையின் கீற்று போதும். நோயாளியின் கட்டிலைச் சுவரைப் பார்த்துப் போடாமல் அந்தச் சன்னல் பக்கமாகத் திருப்பிப் போடுவது நாம் செய்யக்கூடிய ஒரு சிறிய அன்புப் பணி. நடக்க முடிந்த நோயாளியைக் கைத்தாங்கலாக அந்த மர நிழலுக்கு அழைத்துச் சென்று, அங்கேயே ஒரு பத்து மணி செபமாலை சொல்வது இன்னொன்று. பங்குகளில் புது நன்மை, திருமணம் போன்ற நாட்களில் மரக்கன்று நடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நோயில்பூசுதல் பெற்ற ஒருவரின் பெயராலும் ஒரு கன்றை நடலாமே. இறக்கப்போகிறவர் என்று ஒதுக்கிவைக்காமல், அவர் பெயரில் ஓர் உயிர் தளிர்ப்பதை அவரே கண்ணால் காண்பார்.

நோயின்றி வாழும் வரத்தைக் கேட்பது தவறில்லை. ஆண்டவர் இயேசுவிடம் வந்த பலரும் அதைத்தான் கேட்டார்கள். அது கிடைக்காதபோது, கிடைத்த உடலோடு, கிடைத்த நாளில், கிடைத்த மரத்தின் நிழலில் இறைவனைச் சந்திக்கும் வரத்தைப் புனித பெர்நார்தின் பரிந்துரையால் கேட்போம்.

அன்புத் தந்தையே, தீராத நோயோடு ஒவ்வொரு நாளையும் கடந்துவரும் எம் சகோதர சகோதரிகளைக் கண்ணோக்கியருளும். அவர்களைத் தாங்கும் கைகளுக்கு வலிமை தாரும். உம் அடியார் பெர்நார்துக்கு மரங்களின் நிழலில் உம்மை வெளிப்படுத்தியதுபோல, எங்கள் வலியின் நடுவிலும் உம் உடனிருப்பை எங்களுக்குக் காட்டியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.